எஸ்தர் மெஸ்ஸின் பருப்பு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நிலத்தடி நீர்த் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான். எந்தப் பாறையில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும், எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் ஜெயித்த கதைகளை ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு, மைக் வைத்து அவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு கதைதான். அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நான் திருப்பூர் நல்லூர்க்காரி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பனியன் தைக்கும் மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தில் படித்துத்தான் புவியியல் பட்டம் வாங்கினேன். வேலைக்கு வந்த பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. நாலு பேர் கூடினால் போதும், பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் நிலம் என்றால் அசையாச் சொத்து என்பார்கள். அவர்களைத் திருத்துவதில் எனக்கு அலாதி இன்பம். நீங்கள் நிற்கிற நிலம் விரல் நகம் வளருகிற வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது, வடக்கே ஆசியாவை முட்டிக்கொண்டு நிற்கிறது, அந்த முட்டலில் எழுந்ததுதான் இமயமலை என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

இதற்காகவே கைப்பையில் பனியன் துணி வைத்திருப்பேன். இரண்டு துண்டுகளை மேசையில் போட்டு எதிரெதிரே தள்ளுவேன். நடுவில் மடிப்பு மடிப்பாக எழும். இது மலை என்பேன். பிறகு இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த இன்னொன்றை எடுத்து விரிப்பேன். இது நம்ம ஊர் என்பேன். இமயமலை என்ற பேச்சே இல்லாத காலத்தில், பல பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால், வடக்கே ஒரு நிலமும் தெற்கே ஒரு நிலமும் நடுவிலிருந்த கடலை விழுங்கிவிட்டு ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டன. அன்றைக்கு எழுந்த மலைகள் தேய்ந்து மண்ணாகிவிட்டன. ஒட்டிய இடம் மட்டும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே காவிரிப் பக்கம் வரை போகும் அந்தப் பட்டையில் உட்கார்ந்துதான் நாம் பனியன் தைக்கிறோம். எப்போது மோதின, எது எதற்கு அடியில் போனது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. ஒட்டிய இடம் இந்தப் பக்கம்தான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். இதைக் கேட்டதும் தையல்காரர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். மழை பொய்த்த காலம். அருள்புரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர், அதற்கு மேற்கே கல்லுக்கரடு என்கிற ஒரு சின்னப் பாறைக் குன்று, கரட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. ஊருக்கும் பட்டறைக்கும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். பட்டறையில் தண்ணீர் வற்றிப்போன ஒரு பழைய ஆழ்துளைப் போர் இருக்கிறது, சாயக் கழிவை அதற்குள் விடுகிறார்கள், அதனால் எங்கள் ஊர் போர்த் தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். அந்தப் போரை எப்போதோ மூடிவிட்டோம் என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். யார் சொல்வது நிஜம் என்று கண்டுபிடிப்பது என் வேலையாக இல்லை. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அங்கே விட்டால் இங்கே வருமா?

விசாரிக்கப் போன அன்று வார்டு மெம்பர் என்னை முதலில் எஸ்தர் மெஸ்ஸுக்குத்தான் கூட்டிப் போனார். லைன் வீடுகளை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, நாலு பெஞ்சு. தென் மாவட்டங்களிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்களும், இந்தி பேசுகிற பையன்களும் மூன்று வேளையும் அங்கேதான் சாப்பிட்டார்கள். எஸ்தருக்கு நாற்பது வயது இருக்கும். திருச்செந்தூர்ப் பக்கம். பனியன் கம்பெனியில் பத்து வருடம், தைத்த துணியில் கறையும் ஓட்டையும் பார்க்கிற செக்கிங்கில் நின்று, பிறகு இந்த மெஸ்ஸைத் தொடங்கியவர். நான் போனதும் குக்கரைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"பாருங்க மேடம். ஏழு விசில் விட்டிருக்கேன், இன்னும் கல்லு மாதிரி கெடக்கு. முன்னல்லாம் மூணு விசில்ல கரைஞ்சிரும். தண்ணி மாறிட்டு மேடம்."

"பருப்பு பழசா இருக்குமுங்க. கடையை மாத்திப் பாருங்க" என்றேன்.

"இல்ல மேடம், முந்தாநேத்து வாங்குன புதுப் பருப்பு."

எனக்கு அன்று இன்னும் இரண்டு ஊர் பாக்கி. ஜீப் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். சரிங்க சரிங்க என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். குக்கரில் இருந்ததை விரலால் நசுக்கிப் பார்க்கக்கூட இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டறைக்கு வடக்கேயும் தெற்கேயும் இருந்த தோட்டத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவை நன்றாக இருந்தன. ஊர்ப் போரில் உப்பும் கடினத்தன்மையும் கூடியிருந்தன. ஆனால் அந்த வறட்சியில் எல்லா ஊரிலும் கூடித்தான் இருந்தன. நிறம் இல்லை, வாசம் இல்லை. நடுவில் கரடு வேறு குறுக்கே கிடந்தது. பக்கத்தில் இருக்கிற கிணறே நன்றாக இருக்கும்போது தூரத்தில் இருக்கிற போர் எப்படிக் கெடும் என்று நினைத்தேன். உங்களில் பாதிப் பேர் இப்போது தலையாட்டியிருப்பீர்கள் என்று தெரியும்.

குறைதீர் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மாவட்ட உயர் அதிகாரி ஒருவர். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், இன்னொரு பக்கம் பட்டறைத் தொழிலாளர்கள். தொழிலாளர்களும் சும்மா வரவில்லை. பட்டறையை மூடினால் அவர்கள் வீட்டு அடுப்பு எரியாது. அதிகாரி என்னைப் பார்த்து, "மேடம், வருமா, வராதா? வரும்னு சொன்னா இன்னைக்கே சீல் வைக்கச் சொல்றேன். வராதுன்னா இந்த மனுவை முடிச்சிடலாம். எனக்கு ரெண்டுல ஒண்ணு வேணும்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மையான பதில். இன்னும் இரண்டு மாதம் வேண்டும், கரட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சோதனைப் போர் போட வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதுவரை ஊருக்கு லாரித் தண்ணீர் விடச் சொல்லியிருக்கலாம். ஒரு மண்டபமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெண்பிள்ளையை அனுப்பினால் இப்படித்தான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. கைப்பையிலிருந்து பனியன் துணியை எடுத்தேன்.

முழுப் பாடத்தையும் நடத்தினேன். இமயமலை வந்தது, மறைந்துபோன கடல் வந்தது, தைத்த துணி முன்வரிசைக்குக் கை மாறிப் போனது. கடைசியில், "நடுவுல இருக்கறது கெட்டிப் பாறைங்க. பக்கத்துக் கிணறே சுத்தமா இருக்குது. ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிப் போறதுக்கு வாய்ப்பே இல்லீங்க" என்று முடித்தேன்.

அப்போது எஸ்தர் எழுந்தார். துணி அவர் கையில் இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நான் பத்து வருசம் செக்கிங்ல நின்னவ. டீ சிந்துச்சின்னா துணில சின்னதா ஒரு வட்டந்தான் விழும். அதே டீ தையல் மேல பட்டுச்சின்னா நூல் வழியாவே ஓடிரும். பக்கத்துத் துணி காஞ்சே கெடக்கும், கறை எங்கிட்டோ தள்ளிப் போயி நிக்கும். நீங்கதான இப்பம் இந்த ஊரே தையல்னு சொன்னீங்க? பக்கத்துக் கெணறு நல்லாருக்கு, எங்க போரு கெட்டுப்போச்சின்னா, நாங்க அந்தத் தையல் மேல இருக்கோமோ என்னமோ?"

அதைவிடச் சரியாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. மோதி ஒட்டிய நிலத்தில் பாறை நெடுக நசுங்கி வெடித்திருக்கும். அந்த வெடிப்புகளில் பல கிழக்கு மேற்காக ஓடும். நம் பக்கத்துப் பாறைக்குள் தண்ணீர் அந்த வழியில்தான் போகும் என்று நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒரு மெஸ்காரம்மா என் துணியை வைத்தே என்னை மடக்குகிறார் என்பது மட்டும்தான் உறைத்தது.

"பனியன் வேறங்க, பாறை வேறங்க. மொதல்ல அந்தப் பழைய பருப்பை மாத்துங்க. அப்புறமாப் பாறையைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தபடியே மனு முடிந்தது என்று எழுதினார். எஸ்தர் துணியை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஜீப்பில் திரும்பி வரும்போதும் அதை நினைத்துக்கொண்டு வந்தேன்.

பத்து மாதம் போனது. கரட்டின் கிழக்கடியில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு போர் வேண்டும் என்று ஊராட்சியில் கேட்டார்கள். செயற்கைக்கோள் படத்தை விரித்துப் பார்த்தேன். கரட்டுக்கு அடியில் கிழக்கு மேற்காக மெல்லிசாக ஒரு கோடு ஓடியது. ஆழத்தில் வெடிப்பு இருக்கும், நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று சிவப்புப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். இரண்டு விரற்கடை நீளத்துக்குக் குறித்ததோடு சரி. அந்தக் கோடு இரண்டு பக்கமும் எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்கவில்லை.

காலையில் ரிக் வண்டி வந்து துளை போட ஆரம்பித்தது. முந்நூறு அடி தாண்டும்வரை வெறும் பாறைத் தூள்தான். திடீரெனக் காற்றின் சத்தம் மாறியது, தூள் ஈரமானது. தண்ணீர் வரும் நேரத்தில் பக்கத்தில் நிற்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஊர்க்காரர் ஒருவர் தேங்காய் உடைக்கத் தயாராக நின்றார். குழாய் வழியே பீறிட்டு வந்து என் சேலையெல்லாம் நனைத்த தண்ணீர் ஊதா நிறத்தில் இருந்தது.

ரிக் ஓட்டி வந்தவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கத்தினார். "அம்மணி, கலர் வருதுங்க! ஏனுங்க, இது பூமிக்குள்ளயே இருக்கற கலருங்களா?"

ஜீப்பிலிருந்து படத்தை எடுத்து வந்து கல்மேல் விரித்து, ஒரு அடிக்கோலை அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்தேன். மேற்கு முனையில் சாயப்பட்டறை. கிழக்கு முனையில், நிறம் மட்டும் போய்ச் சேராத ஊர்ப் போர். வடக்குக் கிணறும் தெற்குக் கிணறும் கோட்டுக்கு வெளியே சுத்தமாக இருந்தன. பத்து மாதத்துக்கு முன்னாலேயே இந்தப் படம் என் பீரோவில் இருந்தது. அடிக்கோலும் இருந்தது.

தேங்காயை வைத்திருந்தவர் அதை உடைக்கவா வேண்டாமா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது துறையில் எனக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். அதிகம் பேச மாட்டார். என் பழைய அறிக்கையைப் படித்துவிட்டு ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "அந்தம்மா பருப்பு வேகலைன்னு சொன்னாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வேற தண்ணியில அதே பருப்பை வேக வச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"அரை மணி நேர வேலை" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திருத்த அறிக்கை எழுதச் சொன்னார். நான் எழுதிக் கொண்டுபோனதில், 'புதிய தரவுகளின் அடிப்படையில் முந்தைய முடிவு மறுபரிசீலனை செய்யப்படுகிறது' என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, "புதுசா என்ன தரவு வந்துச்சு? கோடு அன்னைக்கும் அங்கதான இருந்துச்சு?" என்று கேட்டார். 'என் முந்தைய முடிவு தவறு' என்று எழுதிக் கொடுத்தேன். அரசாங்கக் காகிதத்தில் அந்த நாலு வார்த்தையை எழுத எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. பட்டறைக்குள் தேடியதில் பழைய போர் ஒரு கொட்டகையின் தரைக்கு அடியில் கிடைத்தது. அதைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். ஊருக்கு லாரித் தண்ணீர் வந்தது. அந்தப் பத்து மாதமும், கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் அந்தப் போர்த் தண்ணீரையேதான் குடித்தார்கள்.

லாரி வந்த முதல் நாள் நானும் ஊருக்குப் போனேன். எஸ்தர் மெஸ் கொட்டகையில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. பெஞ்சுகளைக் காணோம். வார்டு மெம்பரைக் கேட்டேன்.

"அந்தக்காங்களா? மெஸ்ஸை மூடி ஏழெட்டு மாசம் ஆச்சுங்க அம்மணி. பழைய பருப்பைப் போடறாங்கன்னு பேராயிருச்சுங்க. நீங்களே மண்டபத்துல சொன்னீங்களே, அதுக்கப்புறம் பசங்க ஒருத்தனும் போகலீங்க. இப்பப் பெருமாநல்லூர்ல ஏதோ கம்பெனிக்குப் போறாங்களாமா."

அவர் என்மேல் பழி போட்டுச் சொல்லவில்லை. கேட்டதற்குத் தகவல் சொன்னார், அவ்வளவுதான். தண்ணீர் விஷயத்தில் நான் தவறு செய்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு பெண்ணின் பிழைப்பையும் சேர்த்து மூடிவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெருமாநல்லூரில் நாலைந்து கம்பெனி ஏறி இறங்கிக் கண்டுபிடித்தேன். பதினோரு மணி டீ நேரம். கேட்டுக்கு வெளியே எஸ்தர் டீ டம்ளரோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ரிக் போட்டது, ஊதாத் தண்ணீர் வந்தது, கோடு இரண்டு இடத்தையும் தொட்டது என எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன்.

"ஊருக்கு இப்பம் தண்ணி வருதா மேடம்?" என்று முதலில் கேட்டார்.

"லாரியில வருதுங்க."

"நல்லது."

"என்னை மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மெஸ்ஸு போனாப் போவட்டும் மேடம். உழைக்கத் தெம்பு இருக்கு. ஆனா எங்கிட்ட சாப்பிட்ட பிள்ளையள்ல பாதிப் பேரு எங்க ஊர்ப் பக்கம். அவனுவ ஊர்ல போயி, எஸ்தரக்கா பழைய பருப்பு போட்டுச்சின்னு சொல்லிருக்கானுவ. கிறிஸ்மஸுக்குப் போனேன். கோயில் வாசல்ல வச்சு என் கூடப்பொறந்த தங்கச்சியே, ஏங்க்கா அப்படிச் செஞ்சன்னு கேக்கா."

நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"பருப்பு பழசில்லன்னு எனக்குத்தான் முதல்லயே தெரியுமே மேடம். எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? அந்த மண்டபத்துல சிரிச்சாங்கல்லா, அவங்ககிட்ட சொல்லுங்க."

பெல் அடித்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட இதை எப்போதோ யாரிடமாவது சொல்லியிருப்பேன். அடுத்த குறைதீர் கூட்டம் அதே மண்டபத்தில் நடந்தது. மேடையில் மாவட்ட அதிகாரி மாறியிருந்தார். அவர் என்னைப் பேசச் சொன்னார். எழுந்தேன். வெடிப்பு எப்படிப் போகிறது, எத்தனை அடியில் கிடைத்தது, எப்படி அடைத்தோம் என்று சொன்னேன். முன்பு சொன்னது தவறு என்றும் சொன்னேன், கொஞ்சம் வேகமாக. அடுத்து எஸ்தர் பெயரைச் சொல்ல வேண்டும். அது நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, "அம்மணி இல்லீன்னா இது வெளிய வந்தே இருக்காதுங்க" என்றார். கைதட்டினார்கள். சிரித்த அதே ஆட்கள், அதே மண்டபம். கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோப்பில் இருக்கும் திருத்த அறிக்கையை நீங்கள் இப்போதும் எடுத்துப் பார்க்கலாம். பாறை இருக்கிறது, வெடிப்பு இருக்கிறது, அடிக்கணக்கு இருக்கிறது. பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி பெருமாநல்லூர் போனேன். அந்தக் கம்பெனி இடம் மாறியிருந்தது. எஸ்தர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள், ஒருவர் பானையையோ குக்கரையோ திறந்து காட்டினால் குனிந்து பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்லலாம். அதெல்லாம் நீங்களே கண்டுகொள்வீர்கள். நான் உங்களிடம் கேட்பது வேறு. உங்களில் சிலரைத் திருப்பூர்ப் பக்கம்தான் போடப் போகிறார்களாம். அருள்புரத்துக்குத் தெற்கே, கல்லுக்கரட்டுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊருக்கு ஒரு நாள் போக வேண்டி வரும். அங்கே எஸ்தர் மெஸ் என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர்கள் யாராவது, ஓ அந்தப் பழைய பருப்பு மெஸ்ஸா என்று சொல்லக்கூடும். நான் போய்ச் சொல்ல வேண்டியதை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று தெரியும். எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை. ஜீப் ஹாரன் அடித்தாலும் ஏறாதீர்கள். நாலு பேர் கூடும்வரை நின்று, உரக்கச் சொல்லுங்கள். சொல்லச் சொன்னது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அது முந்தாநாள் வாங்கிய பருப்பு. நல்ல பருப்பு.